அரங்கம் மறுத்தார்கள், சூளையடியில் நடந்தது லென்சாவின் வகுப்பு

விருத்தாசலத்தில் ஒரு கல்லூரி, எத்தியோப்பியாவிலிருந்து படிக்க வந்த பெண்ணுக்கு வகுப்பு நடத்தக் கொடுத்த அரங்கத்தை முந்தின நாள் மாலை திரும்பப் பெற்றுக்கொண்டது. வெளிநாட்டுச் சண்டை நமக்கு எதற்கு என்றார்களாம். இது அநியாயம். எட்டாவதோடு பள்ளியை விட்ட எனக்குப் புரிவது படித்தவர்களுக்குப் புரியவில்லை.

அந்தப் பெண் லென்சா, ஒரோமோ இனத்தவள். பகை மூண்டால் பெரியவர்கள் நடுவில் உட்கார்ந்து சமாதானம் செய்யும் அவர்கள் வழக்கத்துக்கு ஜார்சும்மா என்று பெயர். அதைத்தான் ஆராய்ந்தாள். இந்த மாதம் ஊர் திரும்பி, மோதலில் பிரிந்த இரண்டு கிராமத்துப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் வைத்து அதைச் சொல்லித்தரப் போகிறாள். அதற்குமுன் முன்பின் தெரியாதவர்களிடம் ஒருமுறை நடத்திப் பார்த்தாக வேண்டும். கடலூர் நூலகத்தில் பழக்கமான நான், கிளம்பு, இடம் நான் பிடிக்கிறேன் என்றேன்.

காலை ஆறரைக்குக் கடலூரில் பஸ். அறுபது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். இடப்பக்கம் உட்காராதீர்கள், வெயில். பஸ் நிலையத்திலிருந்து, பீங்கான் பட்டறைகள் இருக்கும் செராமிக் பேட்டைக்கு நூறு ரூபாய் கேட்ட ஆட்டோக்காரர் எண்பதுக்கு வந்தார். லென்சா தன்னை ஒரோமோ என்றாள்; அது எந்தப் பக்கம் என்று அவர் கேட்க, காப்பி முதலில் விளைந்த பக்கம் என்றேன்.

"அப்ப நம்ம ஆளுதாங்க" என்றார்.

எனக்குத் தெரிந்த பட்டறைக்காரர் சூளையடியைத் தந்தார். அங்கே ஒரு சண்டை தயாராக இருந்தது. புஷ்பம் கிறிஸ்துமஸ் குடில் பொம்மை செய்பவர்; ஜமீலா டீ கப் செய்பவர். இருவருக்கும் ஒரே சூளை. போன சுமையில், அதாவது கடைசியாகச் சூளையில் அடுக்கிச் சுட்டபோது, மேல்தட்டில் இருந்த ஜமீலாவின் கப்பிலிருந்து நீல கிளேஸ் பூச்சு உருகி, கீழே இருந்த குழந்தை ஏசுவின் முகத்தில் வழிந்துவிட்டது. அதிலிருந்து பேச்சில்லை. சேர்ந்து அடுக்க ஆளில்லாமல் சூளையும் ஆறிக் கிடந்தது.

கேட்டதும், மேலே வைத்தவர்தான் பொறுப்பு என்று சொல்லிவிட்டு நடுவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். லென்சா இங்கே படிக்க வந்து கற்ற தமிழில் இரு பெண்களிடமும், இவர் உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டாள். ஜார்சும்மாவில் அதுதான் முதல் படியாம்.

"தீர்ப்பு சொல்லிட்டுத்தான உக்காந்தாரு? அப்புறம் எங்கள எதுக்கு கேக்குறீங்க?" என்றார் ஜமீலா.

"எழுந்திருங்க அய்யா" என்றாள் லென்சா. எழுந்தேன். பொறுப்பைப் பற்றி நான் சொன்னது இப்போதும் சரிதான்.

பக்கத்துப் பட்டறையில் சூளை அடுக்கும் தனம் நடுவில் உட்கார இருவரும் சம்மதித்தார்கள். ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் வாய் திறக்கக் கூடாது என்றாள் லென்சா. புஷ்பம் தன் நஷ்டத்தைச் சொல்லி முடித்தார். பிறகு ஜமீலா பேசினார்.

"அன்னைக்கே வூட்டுக்கு வந்திருப்பேன். வேணும்னே அவங்க சாமிய கெடுத்துட்டேன்னு கடைத்தெருவுல பேசுனாங்க. வந்தா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னு வரல."

"நான் அப்படி சொல்லவே இல்லக்கா. மூஞ்சி நீலமாயிடுச்சுன்னுதான் சொன்னேன். நீங்க வருவீங்கன்னு குக்கர்ல சோறுகூட வச்சிருந்தேன்" என்றார் புஷ்பம்.

தனம் இருவரையும் கேட்டு முடிவு சொன்னார்: அடுத்த சுமையில் மேல்தட்டு புஷ்பத்துக்கு, புது பொம்மைக்கு வண்ணம் ஜமீலா செலவு. மதியத்துக்குள் இருவரும் சேர்ந்து அடுக்கத் தொடங்கினார்கள். லென்சா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

இனி ஆக வேண்டியவை. கல்லூரி முதல்வர் லென்சாவிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டும். ஆய்வுத் துறையினர் அவள் பாடத்தைத் தமிழில் கொண்டுவர வேண்டும். கடைத்தெருவில் கதை கட்டியவர்கள் சூளைக்கு வந்து பார்க்க வேண்டும். போகிறவர்கள் பதினொன்றுக்குள் போய்விடுங்கள், பிறகு அனல் தாங்காது. என்னைப் போன்ற பெரியவர்கள், இரு தரப்பும் சம்மதிக்கும்வரை நடுவில் உட்காராமல் நிற்க வேண்டும். லென்சா ஊருக்குப் போய் அந்தப் பிள்ளைகளிடம் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: உங்கள் நடுவில் யார் உட்காரலாம்?