நாய்க்கு அளவெடுக்கும் ஃபிட்டர்

"பொட்டையாங்க?"

கேள்வி முதலில் வரும். அதற்குப் பிறகுதான் தர்மராஜ் சைக்கிளிலிருந்து காலை ஊன்றுவார். எடமலைப்பட்டி புதூரிலிருந்து பொன்மலை ரயில்வே பட்டறைக்குப் போகும் வழியில், எந்த வீட்டு வாசலில் நாய் கட்டிக் கிடந்தாலும் இதே கதைதான். பொட்டை என்று சொல்லிவிட்டால் அடுத்தது, "குட்டி எடுக்கப் போறீங்களா? கடுவன் எது?" வீட்டுக்காரர் பதில் யோசிப்பதற்குள் காக்கிச் சட்டைப் பையிலிருந்து மடக்கு அடிக்கோல் வெளியே வந்துவிடும். மண்டியிட்டு உட்கார்ந்து, நாயின் இடுப்புக்குக் குறுக்கே வைத்துப் பார்ப்பார். சில நாய்கள் உறுமும். சில வீட்டுக்காரர்களும் உறுமுவார்கள். அவருடைய இடது மணிக்கட்டில் இருக்கும் இரண்டு பல் தழும்புகள் இப்படி வந்தவை.

காப்பிக் கடையில் அவருக்கு 'தரகர்' என்று பெயர்.

"வாங்க தரகரே, இன்னிக்கு எத்தனை பொண்ணு பாத்தீங்க?"

"பாத்தேங்க. பொருத்தமில்லைன்னு சொல்லிட்டு வந்தேன்" என்பார், சிரிக்காமல்.

வயது ஐம்பதைத் தொடுகிறது. நாகப்பட்டினத்துப் பட்டறை பொன்மலைக்கு வந்தபோது கூடவே வந்தவர். வண்டிச் சக்கரத்தின் அச்சும் அது சுழலும் இடமும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. அரை நூல் கூடியிருந்தாலும் அச்சை உள்ளே விடமாட்டார். துரையே வந்து நின்றாலும், "போகாதுங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார் என்று பட்டறையில் சொல்கிறார்கள். கோலால் அளப்பதற்கு முன்பே அவர் விரல்கள் அளந்துவிடுமாம்.

லில்லி அவரிடம் வந்தது ஆறு வருஷத்துக்கு முன்பு. மாற்றலாகிப் போன ஒரு சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ இந்திய, இஞ்சின் டிரைவர் விட்டுவிட்டுப் போன நாய் அது. முயலைவிடக் கொஞ்சம் பெரியது. வெள்ளை உடம்பு, ஒரு காது மட்டும் பழுப்பு. அவருடைய சாப்பாட்டுக் கூடையில் சுருண்டு படுத்துக்கொள்ளும். சாயங்காலம் பட்டறைச் சங்கு ஊதினால் வாசலுக்கு ஓடிவந்து, அவர் சைக்கிள் வந்து சேரும்வரை அங்கேயே நிற்கும். அவருக்கும் மனைவி மாரியாயிக்கும் பிள்ளைகள் இல்லை. இருவரும் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

"ஒரு ஈத்தாவது போட்டாத்தான் பொட்டைக்கு உடம்பு நிக்கும்" என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். சொன்னவர்களில் யாரும் அதற்குமுன் நாய் வளர்த்தவர்கள் அல்ல. அந்த நேரத்தில்தான் ஃபோர்மன், தம்முடைய புல்டாக்குக்கு லில்லியைக் கேட்டார். இரும்புச் சட்டி அளவுக்குத் தலை உள்ள நாய் அது. பட்டறையில் ஃபோர்மன் வீட்டுக்கும் ஃபிட்டர் வீட்டுக்கும் சம்பந்தம் என்று பேச்சாகிவிட்டது. கூட வேலை பார்க்கும் பிச்சமுத்து மட்டும், "டேய் தர்மா, மீட்டர் கேஜ் ரோட்டுல பிராட் கேஜ் இஞ்சினை விடப் பாக்குறியேடா!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் தர்மராஜ். இதை அவரேதான் என்னிடம் சொன்னார், ஒருமுறைக்கு இரண்டு முறையாக.

ஒரு மனிதன் தனக்குத் தெரிந்ததை எல்லா இடத்துக்கும் கொண்டுபோவதில்லை. அதைப் பட்டறையிலேயே கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறான். இதை நான் புத்தகங்களில் படித்திருக்கிறேன். புரிந்தது தர்மராஜைப் பார்த்த பிறகுதான்.

சினையான லில்லியை மாரியாயி, பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த மகளைப் போல வைத்துக்கொண்டாள். கேழ்வரகுக் கூழில் நெய் விட்டு ஊட்டினாள். வாசலுக்கு ஓடவிடாமல் மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் வலி கண்டது. முற்பகலாகியும் ஒன்றும் நடக்கவில்லை. மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக தர்மராஜ் ஜட்கா வண்டி பிடிக்கக் கிளம்பினார். "தலைப்பிரசவம்னா அப்படித்தாங்க. எனக்கு ரெண்டு நாள் ஆச்சு. அதைப் போட்டு அலைக்காதீங்க" என்று அடுத்த வீட்டுக் காளியாயி தடுத்தாள். ஆறு பெற்றவள் சொல்கிறாள் என்று அவர் உட்கார்ந்துவிட்டார். மத்தியானத்துக்கு மேல் லில்லி முக்குவதையும் நிறுத்திவிட்டது. அவரைப் பார்த்தபடியே கிடந்ததாம்.

லில்லியை ஜட்காவில் ஏற்றிக்கொண்டு போய், மாட்டாஸ்பத்திரி டாக்டரை அவர் வீட்டிலேயே மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுப்பினார்கள். தலை சிக்கிக்கொண்டிருந்த முதல் குட்டியை எடுக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. அது செத்திருந்தது, அடுத்ததும் அப்படியே. மூன்றாவதுக்கு மட்டும் மூச்சு இருந்தது.

"தகப்பன் எது?" என்று கேட்டார் டாக்டர்.

தர்மராஜ் சொன்னார்.

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"ஃபிட்டருங்க."

டாக்டர் கை கழுவப் போனார். திரும்பும் வழியில், ஜட்காவிலேயே, மாரியாயியின் மடியில் லில்லி செத்துப்போயிற்று.

அதற்குப் பிறகுதான் இந்த அடிக்கோல் வைத்தியம். இதனால் எந்த நாயாவது பிழைத்ததா என்று என்னால் சொல்ல முடியாது. முக்கால்வாசிப் பேர் அவர் தலை மறைந்ததும் தங்கள் இஷ்டப்படிதான் செய்கிறார்கள். அவரும் ஒரு நல்ல காரியம் செய்வதாக நினைத்துக்கொள்வதில்லை. "கேக்காம போக முடியலைங்க" என்கிறார், அவ்வளவுதான்.

பிழைத்த குட்டியை மாரியாயி பாலில் துணி நனைத்துச் சப்பக் கொடுத்து வளர்த்தாள். இப்போது அது பெரிய கடுவன். தகப்பனின் தலை, ஒரு காது மட்டும் பழுப்பு. அவள் 'பயலே' என்று கூப்பிடுகிறாள். தர்மராஜ் எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அது அருகில் வந்தால் சைக்கிளைத் துடைக்கப் போய்விடுவார்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். எனக்குத் தண்ணீர் கொண்டுவர மாரியாயி உள்ளே போனாள். நாய் வந்து அவர் முழங்காலில் தலையை வைத்தது. அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை தானாக நகர்ந்தது. கட்டைவிரல் ஒரு காதுக்குக் கீழும் நடுவிரல் மறு காதுக்குக் கீழுமாகச் சற்று நேரம் அழுந்தி நின்றன. பிறகு அந்த இடைவெளி குறையாமல் கையைத் தூக்கி முகத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். மாரியாயி செம்போடு வெளியே வந்து, "இந்தாங்க" என்று அவரிடமும் ஒரு தம்ளரை நீட்டினாள். வலது கை விரல்களை அந்த அளவிலிருந்து அசைக்காமல், அவர் இடது கையால் வாங்கிக்கொண்டார்.