ஸ்டீரிங்குக்குள் சந்தனம்

போன வருடம் என் காரின் டாஷ்போர்டில் எரிந்த விளக்குகள் என் வீட்டுச் சாமி மேடையில் எரிந்ததைவிட அதிகம். அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை என்று சொன்னால் என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். கவலைப்படுவது எனக்குச் சம்பளமில்லாத முழுநேர வேலை. பாதியிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுக் காப்பாரில் கையுறைத் தொழிற்சாலைக்குப் போனவள் நான். மற்றப் பாடமெல்லாம் மறந்துவிட்டது. கவலை என்ற இந்த ஒரு பாடத்தில் மட்டும் இன்றுவரை தினமும் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கார் செகண்ட்ஹேண்ட். வாங்கிய கையோடு கிள்ளானில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கோவிலில் பூஜை போட்டோம். அது எல்லாரும் செய்வதுதான். குருக்கள் ஸ்டீரிங்கின் நடுவில் சந்தனம் வைத்தார், குங்குமம் இட்டார், இரண்டு துளி பன்னீர் தெளித்தார், தேங்காய் உடைத்தார். இரண்டே துளி. ஹைவேயில் கொள்கலன் லோரிகளுக்கு நடுவில் ஓடப்போகிற காருக்கு இரண்டு துளி எந்த மூலைக்கு?

"சாமி, இன்னும் கொஞ்சம் தெளிங்க," என்றேன். ஸ்டீரிங்கில் இட்ட சந்தனம் கரைந்து வழியும் அளவுக்குத் தெளித்தார். "பானட்டைத் திறக்கட்டுமா? இன்ஜினுக்கும் கொஞ்சம் காட்டிடலாம்." காட்டினார். தேங்காய்த் தண்ணீர் இன்ஜின் மேல் தாராளமாக இறங்கியது. என் வீட்டுக்காரர் லோரி ஓட்டுபவர். அன்றைக்கு ஈப்போ பக்கம் எங்கேயோ இருந்தார். கூட இருந்திருந்தால் தடுத்திருப்பாராம், இப்போது சொல்கிறார். இல்லாத இடத்தில் எல்லாரும் வீரர்கள்தான்.

சில மாதங்களில் ஹார்ன் தன் இஷ்டத்துக்கு நடந்துகொள்ள ஆரம்பித்தது. ஸ்டீரிங்கை இடப்பக்கம் திருப்பினால் அடிக்கும், நேராகப் போனால் வாயைத் திறக்காது. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று நானே தீர்ப்பு எழுதி, மறுபடியும் பூஜைக்குக் கொண்டுபோனேன். அடுத்து இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு வந்தது. சிக்னலில் நின்றால் கார் குளிர்க்காய்ச்சல் கண்டதுபோல் நடுங்கும், சில நேரம் அப்படியே அணைந்தும் போகும். அதற்கும் பூஜைதான். குருக்கள் வைக்கும் பொட்டு சிக்கனமாக இருந்ததால் இந்தத் தடவை சந்தனத்தை நானே வீட்டில் கரைத்துக் கிண்ணத்தில் கொண்டுபோனேன். ஸ்டீரிங்கின் நடு மூடியைச் சுற்றி ஒரு சந்து இருக்குமே, சந்தனம் அதில் வழிந்து உள்ளே இறங்கியது. சாமியே ஏற்றுக்கொண்டது என்று எனக்குக் கண்ணெல்லாம் கலங்கிவிட்டது.

கடைசியாக வந்தது சிவப்பு விளக்கு. ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார், அவர் வயிற்றுக்கு முன்னால் பந்துபோல ஒன்று. தொப்பை போட்டுவிட்டது, பெல்ட்டை ஒழுங்காகப் போடு என்று கார் எனக்கு ஜாடை சொல்வதாக நினைத்தேன். மனம் புண்பட்டாலும் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு ஓட்டினேன். அப்படியே மாதக்கணக்கில்.

அந்தச் சமயத்தில்தான் மகளுக்கு ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. தானே காரை ஓட்டிக்கொண்டு போய்வருவதாகச் சொன்னாள். கிள்ளானிலிருந்து ரவாங்குக்கு, தினமும், அந்த டிராஃபிக் ஜேமில்.

"ட்ரெயின்ல போயேன். நேரா ரவாங்குக்கே போகுதே."

"ஸ்டேஷன்ல இருந்து ஃபேக்டரிக்கு யாரு தூக்கிட்டுப் போவா? நீங்களா?"

சாவியைக் கொடுத்தேன். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணியவள் அப்படியே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"மா, என்னது இது? தீபாவளியா?"

"அது ரொம்ப நாளா எரியுது. ஒன்னும் பண்ணாது."

"ஒன்னும் பண்ணாதுதான். அதாம்மா பிரச்சினையே. இது ஏர்பேக் லைட்டு. இடிச்சா ஏர்பேக் ஒன்னும் பண்ணாதுன்னு அர்த்தம்."

அதுவரை அந்தச் சிவப்பு மனிதர் என் தொப்பையைத்தான் சொல்கிறார் என்று நினைத்திருந்ததை நான் வெளியே சொல்லவில்லை.

"திங்கக்கிழமைக்குள்ள சரி பண்ணுங்க. இல்லன்னா என் கூட்டாளி மோட்டார் இரவல் தரேன்னு சொல்லியிருக்கா. அதுலயே போய்க்கிறேன்," என்றாள்.

மோட்டார்சைக்கிளில், ஹைவேயில், ரவாங்குக்கு, என் மகள். இதைவிடத் தெளிவாக என்னை யாரும் மிரட்டியதில்லை. மறுநாள் காலையிலேயே வர்க்‌ஷாப் வாசலில் நின்றேன்.

கிள்ளானில் ஒரு கடை வரிசைக்குப் பின்னால் இருக்கிறது அந்த வர்க்‌ஷாப். பழுது பார்க்கும் போர்மேன் நம்மவர்தான். கைக்கும் வாய்க்கும் போட்டி வைத்தால் வாய்தான் ஜெயிக்கும். ஸ்கேனரைக் காரில் செருகினார், திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"அக்கா, காரை எங்க கழுவுறீங்க?"

"வீட்டுலதான். ஏன்?"

"இல்ல, உள்பக்கமும் ஹோஸ் பைப் விட்டுக் கழுவுறீங்களோன்னு கேட்டேன்."

பேட்டரி வயரைக் கழற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். கூலி வாங்குகிற ஆள் இப்படியா என்று எனக்கு எரிந்தது. திரும்பி வந்தவரிடம் கேட்டேவிட்டேன்.

"கரண்ட் முழுசா அடங்கணும்கா. அவசரப்பட்டுக் கழட்டினா ஏர்பேக் என் மூஞ்சில வெடிக்கும். ரெண்டு பிள்ளைங்க இருக்கு லா எனக்கு."

வெடிக்கும் என்ற சொல் காதில் விழுந்ததுமே நான் எதிர்க் கடையின் முன்தாழ்வாரமான அஞ்சடிக்குப் போய் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். கடைக்கார ஆன்டி என்ன வேண்டும் என்று கேட்டார். தூண் வேண்டும் என்று சொல்ல முடியாமல் ஒரு பாக்கெட் முறுக்கு வாங்கினேன்.

"அக்கா! இங்க வாங்க!"

"வெடிக்குமா?"

"வெடிக்கிறத கழட்டித் தனியா வச்சிட்டேன். பயப்படாம வாங்க. வந்து இதைப் பாருங்க."

அவர் கையில் கறுப்பாக, வட்டமாக ஒரு பிளாஸ்டிக் டப்பா. உள்ளே, தையல்காரர் அளவு டேப்பைச் சுருட்டி வைத்ததுபோல் ஒரு மெல்லிய நாடா. க்ளாக் ஸ்பிரிங் என்றார். ஸ்டீரிங்கைத் திருப்பத் திருப்ப அந்த நாடாவும் கூடவே சுருண்டு விரியுமாம். ஹார்னுக்கும் ஏர்பேக்குக்கும் கரண்ட் அதன் வழியாகத்தான் போகுமாம். நாடாவின் இடுக்கெல்லாம் மஞ்சளாக ஏதோ காய்ந்து இறுகிப்போயிருந்தது. ஸ்க்ரூடிரைவர் முனையால் கொஞ்சம் பெயர்த்து மூக்கருகே கொண்டுபோனார்.

"சந்தனம்."

நான் சுவரில் தொங்கிய டயர் விளம்பரத்தைப் படிக்க ஆரம்பித்தேன்.

"அக்கா, இத்தனை வருஷ வேலையில காருக்குள்ள எலிக்கூடு பாத்திருக்கேன். பாம்பு பாத்திருக்கேன். காஞ்சுபோன நாசி லெமாக் சோத்துப் பொட்டலம் பாத்திருக்கேன். காருக்குச் சந்தனக்காப்பு சாத்தினத இப்பதான் பாக்குறேன்."

"கொஞ்சமாத்தான் வச்சது..."

"இந்தக் கொஞ்சத்துலதான் நாடா அறுந்திருக்கு. ஈரம் இருக்கிற வரைக்கும் ஒட்டும், காஞ்சா சிமெண்டு மாதிரி பிடிச்சுக்கும். திருப்பும்போதெல்லாம் இழுத்து இழுத்துப் பிச்சிக்கிச்சு."

"அப்ப ஏர்பேக்கு?"

"வராது. முன்னாடி எங்கயாவது மோதியிருந்தீங்கன்னா உங்களுக்கும் ஸ்டீரிங்குக்கும் நடுவுல இந்தச் சந்தனம் மட்டும்தான்."

மோதியிருந்தால் எனக்கு என்ன ஆகியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஸ்டீரிங்குக்குப் பின்னால் என் மகளின் முகம்தான் வந்தது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று பார்த்துப் பார்த்து நானே ஊற்றி அடைத்திருக்கிறேன். கையிலிருந்த முறுக்குப் பாக்கெட் நொறுங்கிவிட்டது.

போர்மேன் அதோடு விடவில்லை. பானட்டைத் திறந்து, பேட்டரிக்குப் பக்கத்தில் இருந்த அலுமினியப் பெட்டி ஒன்றைக் காட்டினார். இன்ஜினின் கம்ப்யூட்டராம். பெட்ரோல் எவ்வளவு, காற்று எவ்வளவு, எப்போது பொறி தட்டுவது என்று எல்லாவற்றையும் முடிவு செய்வது அதுதானாம். அதன் பெரிய ப்ளக்கைப் பிடுங்கியதும் உள்ளே ஊசி ஊசியாக இருந்த கம்பிகளில் பச்சை பூத்திருந்தது.

"மழைத் தண்ணி இறங்கியிருக்கும்," என்றேன், அவர் கேட்பதற்கு முன்பே.

"எந்த ஊரு மழை அக்கா இனிக்குது? எறும்பு லைன் கட்டி நிக்குது பாருங்க."

நின்றது. ஒழுங்காக, ஒன்றின் பின் ஒன்றாக, பிரசாதத்துக்கு நிற்பதுபோல்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பதில் இல்லாதபோது எனக்கு வருவது அதுதான். "நீங்க மட்டும் என்னவாம்? அங்க சாமி படம் மாட்டி, மாலையெல்லாம் போட்டு வச்சிருக்கீங்களே!"

"மாட்டியிருக்கேன். கம்ப்ரசருக்குள்ள மாட்டலயே!"

புது க்ளாக் ஸ்பிரிங் கோலாலம்பூரிலிருந்து வர வேண்டும், சனிக்கிழமை கிடைக்கும் என்றார். காரை அங்கேயே விட்டுவிட்டு நேராகக் கோவிலுக்குப் போனேன். சாமி கும்பிட அல்ல, குருக்களிடம் சண்டை போட. பழியை வைக்க ஓர் ஆள் வேண்டுமே.

"சாமி, நீங்க போட்ட பூஜையில என் காரு கெட்டுப்போச்சு."

மணியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "எந்தக் காரும்மா?"

"வெள்ளைக் காரு. அடிக்கடி கொண்டு வருவேனே."

"ஓ, பானட்டைத் திறக்கச் சொல்ற அம்மாவா!"

கோவிலில் எனக்கு இப்படி ஒரு பட்டப்பெயர் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

"நான் ரெண்டு துளிதானேம்மா தெளிச்சேன். மிச்சமெல்லாம் உங்க ஆர்டர்தானே?"

"வேணாம்னு நீங்க சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன். 'சாமி காரியத்துல கஞ்சத்தனம் பண்றீங்களே'ன்னு நாலு பேரு முன்னாடி கேட்டீங்க. அதுக்கப்புறம் நான் வாயைத் திறப்பேனா?"

கேட்டிருப்பேன். அவர் சொன்னவிதத்தில் என் குரல் அப்படியே இருந்தது. சண்டையை அங்கேயே முடித்துக்கொண்டு, தெய்வக்குற்றம் ஆகக்கூடாதே என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை மகளும் கூட வந்தாள். போர்மேன் முன்சக்கரங்களை நேராக நிறுத்தி, புது ஸ்பிரிங்கை நடுவுக்குக் கொண்டுவந்து பொருத்தினார். நடு தவறினால் ஒரு பக்கம் முழுதாகத் திருப்பும்போது நாடா மறுபடியும் அறுந்துவிடுமாம். இன்ஜின் ப்ளக்கில் ஸ்ப்ரே அடித்து, சின்ன பிரஷ்ஷால் பச்சையைச் சுரண்டி, காற்றடித்துக் காயவைத்தார். எறும்புகள் வேறு வேலை தேடிப் போயின. எல்லாம் மாட்டி முடிந்ததும் மகளைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, சாவியைப் போட்டு லைட்டைப் பாரு."

அவள் சாவியைத் திருப்பினாள். மஞ்சள், சிவப்பு, அந்தப் பந்து மனிதர், எல்லாம் ஒன்றாக எரிந்தன.

"ஐயோ, சரியாகலயே!" என்று நான் போட்ட சத்தத்தில் அந்த முறுக்குக் கடை ஆன்டி வெளியே எட்டிப் பார்த்தார்.

"அக்கா, கொஞ்சம் சும்மா இருங்க. முதல்ல எல்லாம் எரியணும். அப்புறம் அதுவா அணையணும். எரியாம இருந்தாத்தான் பயப்படணும்."

பயப்பட இன்னொரு காரணம் கிடைத்ததைக் குறித்துக்கொண்டேன். அவள் ஸ்டார்ட் பண்ணினாள். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பந்து மனிதர் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு அணைந்தார். இன்ஜின் நடுங்கவில்லை.

"இன்னொரு வாட்டி காட்டுங்க," என்றேன்.

காட்டினார். மறுபடியும் கேட்டேன். மூன்றாவது தடவை மகள் சாவியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பழுது பார்த்த கார், முதல் வேலை, முதல் நாள், ஒரு பூஜையும் இல்லை. ஸ்டீரிங்கைத் தொட மாட்டேன், டயர் பக்கம் மட்டும் ஒரு சொட்டு என்றேன். முடியாது என்றாள். வெறும் கற்பூரம் மட்டும் என்றேன். பெட்ரோல் காருக்குப் பக்கத்தில் கற்பூரமா, அதற்கும் அந்த போர்மேனைக் கூப்பிட்டுக் கேட்கட்டுமா என்றாள். என் வாயை மூட அந்த ஆளின் பெயரே போதுமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை அவள் கிளம்பும்போது விபூதித் தட்டோடு வாசலில் நின்றேன். சும்மாதான் நின்றேன். அவள் தட்டைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள்.

"காருக்கு வேணாம்மா. எனக்கு வைங்க."

குனிந்து நெற்றியைக் காட்டினாள். அவளுக்குள் வயர் இல்லை என்ற தைரியத்தில் தாராளமாகவே பூசினேன். கண்ணில் விழுந்து தும்மினாள். பிறகு சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டாள். நான் ஜன்னல் வழியாகத் தலையை நுழைத்து, சிவப்பு மனிதர் எரிந்து அணையும்வரை பார்த்தேன். அணைந்தார்.

"தலையை எடுங்கம்மா. நான் போகணும்."

எடுத்தேன். கார் முனை திரும்பிப் போனது. நான் வாசலிலேயே நின்றேன். அடுப்பில் வைத்த பால் பொங்கி ஊற்றியதைப் பக்கத்து வீட்டு அக்கா வந்து சொல்லித்தான் உள்ளே போனேன். கைத்தொலைபேசியை மேசைமேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டேன். அந்த நேரத்து ஜேமில் ரவாங் போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று வீட்டுக்காரரிடம் முன்பே கேட்டு வைத்திருந்தேன். அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது என்று திட்டம்.

மெசேஜ் வந்தது. 'வந்துட்டேன்மா. பார்க் பண்ணிட்டேன். உள்ள போறேன்.'

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டேன், சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கும் வரை. வீட்டுக்காரர் சொன்ன நேரத்துக்கு இன்னும் நிறைய பாக்கி இருந்தது. இவ்வளவு சீக்கிரம் எப்படிப் போய்ச்சேர்ந்தாள்?

'ஹைவேல எத்தனை ஸ்பீட்ல ஓட்டுன?' என்று தட்டி அனுப்பினேன்.

படித்துவிட்டாள் என்ற நீலக் குறி விழுந்தது. பதில் வரவில்லை.