இடது கைக்குக் கற்றாழை, வலது கைக்குப் பொன்னாங்கண்ணி

எங்கள் வீட்டுப் பின்பக்கம் இருப்பது பத்தடி மண். பீங்கான் பட்டறைகளில் கழித்துப் போட்ட வெள்ளை ஃபியூஸ் கட்டைகளை அதைச் சுற்றி வரிசையாகப் புதைத்திருக்கிறோம். மத்தியான வெயிலில் அவை மின்னும்போது, மண்ணுக்கடியில் ஏதோ ஒன்று வாயைத் திறந்தபடி தூங்குவது போலத் தோன்றும். அந்த வாய்க்குள் ஒரு பக்கம் சோற்றுக்கற்றாழை. இன்னொரு பக்கம், பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடித் தேங்குகிற இடத்தில், பொன்னாங்கண்ணி.

அண்ணி ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பொம்மைப் பட்டறையில் வேலை. முதல் சூட்டில் வெந்து வரும் பொம்மையை அங்கே ‘பிஸ்கட்’ என்பார்கள். அதைத் துடைத்து, பால் போலிருக்கும் கிளேஸ் கரைசலில் முக்கி, மறுபடி சூளைக்கு அனுப்ப வேண்டும். இரண்டாவது சூட்டில்தான் பளபளப்பு வரும். பிஸ்கட் தொடுகிற கையின் ஈரத்தையெல்லாம் குடித்துவிடும். கொலு ஆர்டர் வந்த அந்த மாதம் அண்ணியின் விரல்கள் வெடித்துக் கசிந்தன.

“கை ஆறலைன்னா பேக்கிங்குக்கு மாத்திடுவேன்னு மேஸ்திரி சொல்லிட்டாரு பாப்பா.”

“பேக்கிங்கு நல்லதுதானே அண்ணி? ஒக்காந்த வேலை.”

“வைக்கோலுக்குள்ள ஒக்காரணும். இப்ப தொட்டியில பாரு, யானை பொம்மை பால்ல முங்கி மூச்சு வாங்கிட்டு எழுந்து வர்ற மாதிரி இருக்கும். அதை வுட்டுட்டு நான் எங்க போறது?”

அப்படிச் சொன்னபோது அவர் கண்கள் எங்கேயோ இருந்தன. எனக்கும் அந்த வெள்ளைத் தொட்டி தெரிந்தது. யானைகள் ஒவ்வொன்றாக இறங்கின, சத்தமில்லாமல் ஏறின.

நான் கல்லூரியில் வேதியியல் இரண்டாம் வருடம். எதைப் பார்த்தாலும் நோட்டில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்துவிடுவேன். அன்றும் பிரித்தேன். இடது கைக்குக் கற்றாழை, வலது கைக்குப் பொன்னாங்கண்ணி. எது ஜெயிக்கிறது என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். கற்றாழைச் சோறு சீக்கிரம் காய்ந்துவிடுகிறது என்று, யாரையும் கேட்காமல் அதில் தேங்காய் எண்ணெய் சேர்த்தேன். பொன்னாங்கண்ணியை விழுதாக அரைத்தேன். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் நானே தடவிவிட்டேன்.

“ஒரு கை பச்சை, ஒரு கை வழவழ. டாக்டரம்மா என்னைய பொம்மையாக்கிட்டாங்க” என்று அண்ணி பஸ்ஸுக்கு ஓடுவார்.

மிச்சத்தைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டேன். கற்றாழையைச் சீவி, மஞ்சள் பால் வடியவிட்டு, ஏழு தண்ணீர் மாற்றிக் கழுவி, மோரில் போட்டு, இஞ்சியும் உப்பும் சேர்த்தேன். அதற்கு ருசி என்று ஒன்று இல்லை. குளிர்ச்சி மட்டும் தொண்டையில் வழுக்கி இறங்கி, எங்கே போனது என்று தேட வைக்கும். பொன்னாங்கண்ணியைப் பாசிப்பருப்பும் பூண்டும் போட்டுக் கடைந்தால் வீடே மழைக்குப் பிந்திய வயல்போல மணக்கும். “மொதல்ல இருந்தது தண்ணி, ரெண்டாவதுதான் சாப்பாடு” என்று அண்ணன் தீர்ப்புச் சொன்னான். நோட்டில் எழுதிக்கொண்டேன்.

நாலாவது நாள் இடது கை ஆறிவிட்டது. தொட்டால் வாழைக்குருத்து. வலது கையில் வெடிப்பு அப்படியே இருந்தது. கற்றாழைக்கு நேராகப் பெரிய டிக் போட்டேன்.

ஐந்தாவது நாள் சூளை திறந்தார்கள். அண்ணி சாயங்காலம் வந்து, துணி சுற்றிய ஒரு யானையை என் மடியில் வைத்தார். வெள்ளை யானை, குளத்துத் தண்ணீர்போலப் பளபளப்பு. வயிற்றில் மட்டும் மூன்று இடத்தில் மங்கலாக, சொரசொரப்பாக, நீள்வட்டமாகத் திட்டுகள். என் விரலை வைத்தேன். பொருந்தியது. எண்ணெய் பட்ட இடத்தில் கிளேஸ் ஒட்டவில்லை. வெள்ளை மேல் வெள்ளை என்பதால் சூளைக்குப் போகும் முன் யார் கண்ணுக்கும் படவில்லை.

“ரெண்டு பலகை யானையும் இப்படித்தான். நாளையிலேர்ந்து பேக்கிங்கு” என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மறுநாள் நானும் கூடப் போனேன். மேஸ்திரியிடம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன், நோட்டையும் நீட்டினேன். “தப்பு கற்றாழை எண்ணெயிலதாங்க. பொன்னாங்கண்ணி தடவின கைத்தடம் ஒண்ணுகூட விழலைங்க.”

அவர் நோட்டைப் பார்த்தார். பிறகு அண்ணியைப் பார்த்து, “பொம்மையை எப்டி எடுப்பன்னு இந்தப் புள்ளைக்குக் காட்டும்மா” என்றார்.

அண்ணி இடது கையால் ஒரு பிஸ்கட்டை எடுத்தார். வலது கையில் ஈரப் பஞ்சு. துடைத்தார், கம்பிக் கொக்கியில் மாட்டினார், முக்கினார். வலது கை பொம்மையைத் தொடவே இல்லை. நாள் முழுக்கப் பஞ்சுத் தண்ணீரிலேயே ஊறிக்கொண்டிருந்தது. அதில் தடவிய எதுவும் பத்து நிமிடம் தங்கியிருக்காது.

என் நோட்டின் நடுக்கோடு அப்படியே கரைந்தது. இரண்டு கைகளுக்கும் ஒரே வேலை என்று நினைத்திருந்தேன். ஒரே உடம்பில் இருந்துகொண்டு ஒன்று காய்ந்தும் ஒன்று ஊறியும் இரண்டு பிழைப்புப் பிழைத்திருக்கின்றன.

“யானையைச் சூடு பண்ணி, திட்டுல கிளேஸ் தொட்டு வைச்சி, இன்னொரு தரம் வேக வைப்போம். சரியா வந்தா இங்கயே இரு. வரலைன்னா பேக்கிங்கு” என்றார் மேஸ்திரி.

அண்ணி கடலைமாவு போட்டு முழங்கை வரை கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். சுட்ட யானை ஒவ்வொன்றின் வயிற்றிலும் தூரிகையால் தொட்டார், தூங்குகிற குழந்தைக்குப் பொட்டு வைப்பதுபோல.

சூளை ஆற இரண்டு நாள். திறந்த அன்று நான் கல்லூரிக்குப் போகவில்லை. இளஞ்சூட்டோடு யானைகள் வரிசையாக வெளியே வந்தன. மேஸ்திரி ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உற்றுப் பார்த்தால் வயிற்றில் மெல்லிய அலை. அதைப் பலகையில் வைத்துவிட்டு, “பஞ்சை எடும்மா, அடுத்த லோடு வந்துடுச்சி” என்றார்.

இப்போது கற்றாழை சனிக்கிழமை சாயங்காலம் மட்டும், எண்ணெய் இல்லாமல், இரண்டு கைக்கும். ஞாயிறு பட்டறை லீவு. பொன்னாங்கண்ணி சட்டியில்தான். சூளை திறந்த அன்று அண்ணி வெள்ளைத் தொட்டியின் முன் உட்கார்ந்து பஞ்சைப் பிழிந்தார். பிறகு, ஊறிய கை காயட்டும் காய்ந்த கை ஊறட்டும் என்பதுபோல, அதை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் அடுத்த யானையைத் தூக்கினார்.