விமானத்துக்கு நாங்கள் செய்த மூக்குமூடி

என் புருஷனுக்கு வாயே இல்லை என்று ஊரில் சொல்வார்கள். சுத்தப் பொய். பட்டறையில் ரெசின் பசைக் கலவை கொஞ்சம் கெட்டியாகிவிட்டால் அந்த ஆள் என்ன பேச்சுப் பேசுவார் என்று எனக்குத்தான் தெரியும். பேச வேண்டிய ஒரே ஒரு நாளில்தான் ஊமையாகிவிட்டார். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

எங்களுக்கு ஓரிக்கையில் ஃபைபர் பட்டறை. பஸ் முகப்பு, தண்ணீர்த் தொட்டி, கடை வாசலில் கும்பிட்டபடி நிற்கும் பொம்மை, சின்னக் கோயில்களுக்கு வாகனம் என்று எது கேட்டாலும் செய்வோம். அச்சு எடுப்பது அவர். கண்ணாடி நார்ப் பாயை வெட்டுவது, ரெசின் தடவுவது, உருளை போட்டுக் காற்றுக் குமிழ்களை விரட்டுவது எல்லாம் நான். அந்த நார் தோலில் ஏறினால் குளித்தாலும் அரிப்பு போகாது. கல்யாணமான புதிதில் அரிப்பு தாங்காமல் உட்கார்ந்து அழுதிருக்கிறேன்.

ஒருநாள் சின்ன காஞ்சிபுரத்துக் கண் டாக்டர் பட்டறைக்கு வந்தார். எங்கள் பக்கத்து ஜனங்கள் பாதிப் பேருக்குக் கண்புரை எடுத்தவர். அவரிடம் இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம் ஒன்று இருக்கிறது என்று அரசல்புரசலாகக் கேள்விப்பட்டிருந்தோம். ஊரை விட்டுத் தள்ளி ஒரு தனியார் ஓடுபாதையில் அதை நிறுத்தியிருந்தார். வெயில் காலத்தில் மேலே ஏறும்போது இன்ஜின் கொதித்துப் போகிறதாம். விடிந்ததும் விடியாததுமாக ஓட்டினால்தான் உண்டு. இன்ஜினைச் சுற்றி மூடியிருக்கும் கூட்டைப் புதிதாகச் செய்து மாட்டினால் சூடும் குறையும், வேகமும் கூடும் என்றார். விமானம் செய்த கம்பெனியே வரைபடம் கொடுத்திருக்கிறது. ஒற்றைப் பீஸுக்காக அச்சு எடுக்கத்தான் யாரும் சம்மதிக்கவில்லை. அதற்குக் கவுலிங் என்று பெயர் சொன்னார். எங்கள் பட்டறையில் அன்றே அது மூக்குமூடி ஆகிவிட்டது.

வரைபடத்தைப் பார்த்ததும் நான் சும்மா இருப்பேனா? "இன்னா சார் இது, சூடு கொறையணும்னா காத்து போற வாயைப் பெருசா வெக்கணும். இதுல பழசவிடச் சின்னதா இல்ல போட்டிருக்குது?" என்றேன்.

டாக்டர் சிரித்தார். "எல்லாரும் அப்படித்தாம்மா நினைப்பா" என்று பொறுமையாக விளக்கினார். பழைய மூடியில் காற்று அள்ளிக்கொண்டு உள்ளே வருகிறது, ஆனால் வெளியே போக ஒழுங்கான வழியில்லை. உள்ளேயே முட்டிக்கொண்டு நிற்கிறது. அப்படி முட்டும் காற்று விமானத்தையும் பின்னால் பிடித்து இழுக்கிறது. அளவாக உள்ளே வந்து, சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளின் இடுக்கில் புகுந்து, சந்து பொந்தில் ஒழுகாமல், கீழ்வழியாக வெளியேறினால் இன்ஜினும் குளிரும், வண்டியும் லேசாக ஓடும்.

என் புருஷன் வரைபடத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டே, "சார், வேலை முடிஞ்சதும் என்னை ஒரு தபா அதுல கூட்டினு போவீங்களா?" என்று கேட்டார்.

"முதல்ல நான் தனியா ஏறிப் பார்த்துடறேன் மேஸ்திரி. அடுத்த ரவுண்டு நீங்கதான்."

அவ்வளவுதான். அந்த ஒரு பேச்சுக்கு அந்த மனுஷன் சோறு தண்ணி மறந்து உழைத்தார். பஸ்காரர்கள் வந்து திட்டிவிட்டுப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சுக்குக் கிளம்பினால் அவர் பட்டறைக்குக் கிளம்பினார். படுத்தால் எழுந்தால் அதே பேச்சு. "மேலே போனா நம்ம பட்டறைக் கூரை தெரியுமா?" என்று கேட்பார். நான் என்னத்தைக் கண்டேன்? "தெரியும், நான் கீழ நின்னு துடப்பத்தைக் காட்டுறேன், பாரு" என்பேன்.

முதலில் செய்தது பாழாய்ப் போயிற்று. கோயில் வாகனம் செய்து பழகிய கை அவருடையது. ஊர்வலத்தில் தூக்கிக் குலுக்குவார்கள், மழையில் நனையும், தெரு முனையில் இடிக்கும் என்று தடிமனாகப் போட்டே பழக்கம். ஓடுபாதையில் விமானங்களைச் சோதித்துக் கையெழுத்துப் போடும் இன்ஜினியர் ஒருவர் இருந்தார். அவர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பிளேனுக்கு மூடி கேட்டா கருட வாகனம் செஞ்சு கொண்டாந்திருக்கீங்களே!" என்று கேலி செய்தார். மூக்கு கனத்தால் விமானம் குப்புறக் கவிழப் பார்க்குமாம். என் புருஷன் அதைத் திரும்பக் கொண்டு வந்து முதலிலிருந்து தொடங்கினார். இந்தத் தடவை சூடு தாங்கும் வேறு ரெசின், மெல்லிய துணி. நான் ரெசின் தடவும்போது பக்கத்திலேயே நின்று, "போதும்மே, போதும்மே" என்று என் உயிரை வாங்கினார்.

மாட்டிப் பார்த்தபோது காற்று எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அதற்கு அவர் சாம்பிராணி கொண்டு போனார். வாகனங்களில் ஓட்டை பார்க்க அப்படித்தான் செய்வோம். முன்னால் மின்விசிறியை வைத்துச் சாம்பிராணிப் புகையை ஊதவிட்டால், எந்த இடுக்கில் புகை கசிகிறதோ அங்கே ரப்பர் பட்டை ஒட்ட வேண்டும். விமானக் கொட்டகை முழுக்க மணத்தது. புகை கீழ்வழியாக மட்டும் வெளியே வந்தபோது, "இப்ப சரிம்மே" என்று என் தோளைத் தட்டினார். நாலு பேர் எதிரில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

பறக்கும் நாள் வந்தது. டாக்டருடைய அம்மாவும் வந்திருந்தார்கள். நாங்கள் அவர்களைப் பெரியம்மா என்போம். மகன் விமானம் ஓட்டுவது அவர்களுக்குத் துளியும் பிடிக்காது. அதுவரை அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை. புதிதாக ஒன்றை மாட்டிப் பறக்கப் போகிறான் என்றதும் மனசு கேட்காமல், வரதராஜப் பெருமாளுக்குச் சாத்திய துளசி மாலையைக் கோயிலிலிருந்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். இன்ஜினியர் எல்லாம் சோதித்து முடித்த பிறகு மூக்குமூடிக்குச் சந்தனம் வைத்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டினார்கள். பிறகு இன்ஜினியர் மாலையைப் பயபக்தியோடு கழற்றி அவர்கள் கையிலேயே கொடுத்தார். பெரியம்மா காற்று போகும் வாய்க்குள் கையை விட்டு என்னவோ செய்தார்கள். உள்ளேயும் சந்தனம் வைக்கிறார்கள் என்று நான் நினைத்தேன்.

விமானம் ஏறியது. என் புருஷன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, தலையை வழித்துச் சீவிக்கொண்டு, அடுத்த ரவுண்டுக்காக நின்றார். போன வேகத்தில் விமானம் திரும்பி வந்துவிட்டது. டாக்டர் இறங்கும்போதே முகம் செத்திருந்தது. ஒரு சிலிண்டரின் சூடு ஏறி, அதைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டுவிட்டதாம்.

"வாய் சின்னது. நம்ம வெயிலுக்கு இதெல்லாம் ஆகாது" என்றார் இன்ஜினியர். பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "பெருமாள் மாலை காப்பாத்தித்துடா. இல்லேன்னா இந்த மூடி உன்னை என்ன பண்ணியிருக்குமோ!" என்று மகனைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

பழைய மூடியை எடுத்துவர இன்ஜினியர் கொட்டகைக்குள் போனார். டாக்டர் அம்மாவைக் காருக்கு அழைத்துப் போனார். நாங்கள் இரண்டு பேரும் புது மூடியைக் கழற்றினோம். கழற்றியதும் முன்பக்கத்துச் சிலிண்டரில், தகடுகளின் இடுக்கை அடைத்துக்கொண்டு, வாழைநாரோடு ஒரு கொத்துத் துளசி கருகிக் கிடந்தது. எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆகவில்லை. மகனுக்குக் காவலாக இருக்கட்டும் என்று மாலையில் ஒரு துண்டைக் கிள்ளி உள்ளே செருகியிருக்கிறார்கள் பெரியம்மா.

"டாக்டர் சார்!" என்று கத்தப் போனேன். என் புருஷன் என் கையைப் பிடித்து அழுத்தினார். துளசியைப் பிய்த்தெடுத்துப் பொட்டலமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மிச்சம் மீதி ஒட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துத் துடைத்தார். அதோடு சரி.

திரும்பி வரும் வழியெல்லாம் வண்டியில் நான் கத்தினேன். "உனக்கு இன்னாயா கிறுக்கா? உன் மூடி மேல ஒரு தப்பும் இல்ல. கையில ஆதாரம் வெச்சிக்கினு வாயை மூடிக்கினு வர?"

"பெருமாள் கழுத்துல இருந்த மாலைம்மே. அதாலதான் கெட்டுச்சுன்னு அந்தம்மாகிட்ட நான் போய்ச் சொல்றதா? தன் கையாலயே புள்ளையச் சாவடிக்கப் பாத்தோம்னு தெரிஞ்சா அது உசுரோட இருக்குமா?"

"டாக்டர்கிட்ட மட்டும் சொல்லு."

"நாம யாருன்னு மறந்துட்டியா? காலனிக்காரன், அதுலயும் வேதக்காரன். நாம சொன்னா அது வேற கதையா ஆயிடும். நாளைக்கு எந்தக் கோயில்ல நம்மகிட்ட வாகனம் குடுப்பான்?"

அது உண்மை என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. துளசி மாலை டாக்டரைக் காப்பாற்றிய கதை சன்னதி தெரு முழுக்கப் பரவியது. எங்கள் மூடி அவரைக் கொல்லப் பார்த்த கதையும் கூடவே பரவியது. மளிகைக் கடையில் ஒருத்தி என் முகத்துக்கு நேராகவே கேட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு பருப்பை வாங்கிக்கொண்டு வந்தேன். மூக்குமூடியை அவர் தார்ப்பாயில் சுற்றிப் பட்டறைப் பரணில் போட்டார். பறப்பதைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை. பட்டறைக் கூரை தெரியுமா என்று ஒரு தடவையாவது கேட்கமாட்டாரா என்று நான் ஏங்கியிருக்கிறேன்.

சில வருஷம் கழித்து அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பட்டறையை நான் ஒண்டியாகப் பார்த்துக்கொண்டேன். அதற்குப் பிறகு பெரியம்மாவும் காலமானார்கள். காரியமெல்லாம் முடிந்து, என் புருஷனைப் பார்க்க டாக்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். காலைத் தட்டிப் பார்த்தார், மாத்திரைகளைப் பார்த்தார். கிளம்பும்போது, "நல்ல வேலைக்காரர். அந்தக் கவுலிங் ஒண்ணுதான் சரியா அமையலை" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. கட்டிலிலிருந்து என் புருஷன் இடது கையை ஆட்டி ஆட்டி வேண்டாம் என்று காட்டியதைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

டாக்டர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு என் புருஷனுடைய விழுந்துபோன கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "அந்த மூடி இருக்கா மேஸ்திரி?" என்று கேட்டார்.

இருந்தது. மறுபடியும் கொண்டு போய் மாட்டினோம். இன்ஜினியர் எல்லாவற்றையும் அலசிப் பார்த்தார். டாக்டர் முதலில் தனியாக ஏறினார், அதுவும் நல்ல வெயில் நேரத்தில். இறங்கி வரும்போது பள்ளிக்கூடப் பையனைப் போலக் கையை ஆட்டிக்கொண்டே வந்தார். சூடு ஏறவே இல்லையாம். வேகமும் முன்னைவிட நன்றாகவே கூடியிருக்கிறதாம். "அடுத்த ரவுண்டு நீங்கதான், வாங்கோ" என்றார்.

நாங்கள் மூன்று பேருமாகத் தாங்கி அவரை இறக்கையருகே கொண்டு போனோம். எப்படியோ உள்ளே உட்காரவும் வைத்துவிட்டோம். ஆனால் வலது கால் மடங்கவில்லை. விறைத்து நீண்டு, அவர் சீட்டின் முன்னாலும் இருந்த பெடலில் போய் முட்டிக்கொண்டு நின்றது. இரண்டு பக்கத்துப் பெடலும் ஒன்றோடொன்று சேர்ந்து அசைபவை. மேலே போனதும் அந்தக் கால் அழுத்திவிட்டால் டாக்டரால் விமானத்தைத் திருப்ப முடியாது. டாக்டர் காலை மடக்கிப் பார்த்தார், சீட்டைப் பின்னால் தள்ளிப் பார்த்தார். கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு, "முடியாது மேஸ்திரி" என்றார்.

மறுபடியும் இறக்கினோம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தோம். போன தடவையே நான் கத்தியிருந்தால் இந்தக் கால் தானாக ஏறியிருக்கும் என்று நினைத்ததும் எனக்கு அழுகை முட்டியது. அவர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். வாய் குழறினாலும் பேச்சு எனக்குப் புரியும்.

"நீ போம்மே."

"நான் எதுக்குயா? எனக்கு வேணாம்."

"போ. வேடிக்கை பாத்துக்கினு இருக்காத. அந்த முள்ளப் பாரு. ஏறும்போது எங்க நிக்குதுன்னு பாத்துக்கினு வந்து சொல்லு."

போனேன். டாக்டர் முள்ளைக் காட்டினார். பச்சைக் கோடு, அதைத் தாண்டி மஞ்சள், அதைத் தாண்டிச் சிவப்பு. விமானம் தரையை விட்டது. முள் ஏறியது. ஏசுவே, நில்லு நில்லு என்று வேண்டிக்கொண்டேன். பச்சைக்குள்ளேயே நின்றது. "கீழ பாருங்கோம்மா, ஏரியெல்லாம் எப்படித் தெரியறது" என்றார் டாக்டர். முள் எப்போது மோசம் செய்யுமோ என்று எனக்குப் பயம். கண்ணை எடுக்கவில்லை. சக்கரம் தரையைத் தொட்டு விமானம் நின்ற பிறகுதான் மூச்சை விட்டேன்.

நாற்காலியிலிருந்து எழப் பார்த்தார். ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"எங்க நின்னுச்சு?"

"பச்சையிலதான்யா. கடைசி வரைக்கும் பச்சையிலயேதான்."

தலையை ஆட்டினார். கண்ணீர் வழிந்தது, அதைத் துடைக்க இடது கை வரவில்லை, அது என்னைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான்தான் துடைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து முகத்தை என் பக்கம் திருப்பி, ஆசையாகக் கேட்டார்.

"மேல எப்டிம்மே இருந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லு."

சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை. ஏறியதிலிருந்து இறங்கும் வரை நான் ஒரு தடவைகூட வெளியே பார்க்கவில்லை.