பின்பக்கத்தால் நுழையும் கோயில்

1

எண்பதுகளின் நடுவில், லண்டனில் பழைய தேவாலயங்களைத் திருத்தும் ஓர் ஆர்க்கிடெக்ட் ஒபிஸில் சேர்ந்தேன். பெருந்தூண், வளைந்த சுவர், எங்கிருந்து வருகிறதென்று தெரியாத வெளிச்சம் என்று ஆளை மயக்கும் பரோக் பாணிதான் அங்கே எல்லாருக்கும் உயிர். எனக்கும் அதில் பைத்தியம். கொழும்பில் படிக்கும்போதே பிடித்தது. ஆனால் யாழ்ப்பாணத்தான் ஒருவனுக்குப் பரோக் எப்படிப் புரியும் என்பது முதலாளி விட்லொக்கின் சந்தேகம். முதல் நாளே என் கையில் ட்ரெயினேஜ் பிளானைத் தந்தார். ஏழெட்டு வருஷம் தேவாலயங்களுக்குக் கக்கூஸும் கழிவுநீர்க் கானும் வரைந்தேன். இங்கிலாந்தில் என்னளவு புனிதமான கக்கூஸ் வரைந்தவர் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

2

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், டூட்டிங் பக்கம் பூட்டிக் கிடந்த பரோக் பாணித் தேவாலயம் ஒன்றைப் பிள்ளையார் கோயிலாக்க நம்மவர்கள் முன்வந்தார்கள். விட்லொக் என்னைக் கூப்பிட்டார்.

"உன்னுடைய ஆட்கள், நீயே டிசைன் பண்ணு. கவுன்சில் பெர்மிஷன் கிடைத்தால் இனி உனக்குப் பரோக் வேலைதான். கிடைக்காவிட்டால் பழையபடி ட்ரெயினேஜ்."

கோயில் சபைத் தலைவர் செல்லத்துரை அண்ணை பலசரக்குக் கடை வைத்திருந்தவர். பீடத்தின் மேல் கவிந்திருந்த அரைக்கோளத்தைப் பார்த்ததும் அவருக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை.

"தம்பி, பிள்ளையாருக்கெண்டே கட்டி வச்ச மாதிரியெல்லோ இருக்கு! இதிலேயே வைப்பம்."

கூட வந்த குருக்கள் தலையாட்டவில்லை. "பீடம் கிழக்குப் பக்கம். அதில வச்சால் சுவாமி மேற்கை எல்லோ பாப்பார்? எங்களுக்குக் கிழக்குப் பார்வைதான் வேணும்."

நான் பயந்திருந்ததும் இதற்குத்தான். தேவாலயத்தில் சனம் கிழக்கைப் பார்த்துக் கும்பிடும். நம் கோயிலில் சாமி கிழக்கைப் பார்ப்பார். கட்டடத்தையே தூக்கித் திருப்பி வைத்தால்தான் சரிவரும்.

"அப்ப மேற்கு வாசலை அடைச்சுப்போட்டு அதில வைப்பம்" என்றார் அண்ணை.

கவுன்சில் அதிகாரி மிஸஸ் பாமரிடம் கேட்டேன். "பாதுகாக்கப்பட்ட கட்டடம். அந்தக் கதவில் ஓர் ஆணிகூட அடிக்க விடமாட்டேன். ஆட்கள் அதால்தான் வரவேண்டும்" என்றார்.

3

சனிக்கிழமைகளில் அந்த வெறுங்கட்டடத்துக்குள் போய் நிற்பேன். பரோக் கட்டியவர்கள் எதையும் நேரே காட்ட மாட்டார்கள். ஆளை நடக்க வைத்து, திரும்ப வைத்து, பிறகுதான் காட்டுவார்கள். நாமும் சாமியைச் சுற்றித்தானே வருகிறோம் என்று ஒருநாள் தோன்றியது. அங்கேயே குந்தியிருந்து வரையத் தொடங்கினேன்.

மேற்கு வாசலுக்குச் சற்று உள்ளே, எந்தச் சுவரிலும் தூணிலும் தொடாமல், தனியாக ஒரு மூலஸ்தானம். முதுகு வாசலுக்கு, முகம் கிழக்குக்கு. உள்ளே வருபவர் இடப்பக்கம் விலகி, சாமியை வலக்கைப் பக்கம் வைத்து நடந்து, மூலஸ்தானம் முடியும் இடத்தில் திரும்பினால் பிள்ளையார்.

செல்லத்துரை அண்ணை கொதித்தெழுந்தார். "என்ன கதை கதைக்கிறீர் தம்பி? வாற சனம் முதல்ல சாமியின்ர முதுகையோ பாக்கிறது? சனம் என்னை அடிச்சுத் துரத்திப்போடும்!"

குருக்கள் பிளானைத் தூரப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"தலைவர், கோயில் சுத்தேக்க பின்சுவரிலயும் நிண்டு கும்பிடுறனீங்கள்தானே? அதில ஒரு மாடம் கட்டி மூர்த்தம் ஒண்டு வைப்பம். சனம் அதைக் கும்பிட்டுப்போட்டுச் சுத்தி வரட்டும்."

அண்ணை முணுமுணுத்தார், ஆனால் மறுக்கவில்லை. மிஸஸ் பாமர் கேட்டது ஒன்றே ஒன்று: "நாளைக்கு இதைக் கழற்றினால் தேவாலயம் பழையபடி இருக்குமா?" ஒரு கீறலும் இராது என்றேன். பெர்மிஷன் வந்தது.

4

கும்பாபிஷேகத்தன்று காலை விட்லொக் வந்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, சனத்தோடு சனமாக இடப்பக்கம் நடந்து, திரும்பி, அப்படியே நின்றுவிட்டார். பீடத்துக்கு மேலிருந்த உயர்ந்த ஜன்னலால் வந்த வெயில் பிள்ளையாரின் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"பரோக் இவ்வளவு நன்றாக எங்கே படித்தாய்?" என்று கேட்டார்.

"கோயில் சுற்றி" என்றேன்.

ஓய்வு பெறும்வரை பரோக் தேவாலயங்கள்தான் செய்தேன். இப்போது ஒபிஸ்களில் சேரும் நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். வெள்ளைக்காரனைவிட வெள்ளைக்காரனாக வரைந்து காட்டத்தான் அத்தனை வருஷமும் பாடுபட்டேன். ஆனால் பரோக் வேலையை எனக்கு வாங்கித் தந்தது, சின்ன வயதில் சாமியைச் சுற்றிய கால்கள்.