நகராதீங்கோ, என் கை வரும்

நான்கு வருடங்களுக்கு முன்பு, கொல்கத்தாவில் கரியாஹாட் மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள எங்கள் ஃப்ளாட்டில், நவராத்திரியின்போது நடந்தது இது. அதற்கு ஐந்து மாதம் முன்னால் எனக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பலம் ஓரளவு திரும்பிய பிறகும், டம்ளரை எடுக்கப் போனால் கை அதைத் தாண்டிப் போகும், இல்லாவிட்டால் பாதியில் நின்றுவிடும்.

பிசியோதெரபிஸ்ட் ஒரு வங்காளிப் பெண், மகா கண்டிப்பு. நான் உடம்பைச் சாய்த்துக் கையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதைக் கண்டுபிடித்து, என் துப்பட்டாவாலேயே என்னை நாற்காலியோடு கட்டிவிட்டார். கை கிளம்பும் முன்பே, பொருள் எங்கே, எவ்வளவு தூரம் என்று மூளை கணக்குப் போட்டு வழியைத் தீர்மானித்துவிடுமாம். "கையைப் பார்க்காதே, பொருளைப் பார்" என்று விரட்டுவார். அழுதுகொண்டே தினமும் ஒரு கிண்ணத்தை எட்டித் தொட்டுக்கொண்டிருந்தேன்.

கொலு பார்க்க வருகிறவர்களுக்குத் தாம்பூலம் கொடுக்க வேண்டுமே! என் நாத்தனார் மெதுவாக ஆரம்பித்தாள். "இந்த வருஷம் நான் குடுத்துடறேன் மன்னி. இடது கையால குடுத்தா நன்னாவா இருக்கும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என் வீட்டுக் கொலு. நான்தான் குடுப்பேன், வலது கையாலதான் குடுப்பேன்" என்றேன்.

முதலில் வந்தவர் எதிர் ஃப்ளாட் அம்மாள். வங்காளி வழக்கப்படி அவரை பௌதி, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவேன். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு சாத்துக்குடி வைத்த சின்னத் தட்டை அவர் கையைப் பார்த்து நீட்டினேன். பாவம், உதவுவதாக நினைத்து அவர் கையை முன்னால் கொண்டுவந்தார். என் கையோ அவர் கை முதலில் இருந்த இடத்துக்கே போனது. தட்டு அவர் மணிக்கட்டில் இடித்துக் கவிழ்ந்து, சாத்துக்குடி உருண்டுபோய் செட்டியார் பொம்மையிடம் நின்றது.

நாத்தனார் ஓடி வந்தாள். "யாரும் தொடாதீங்கோ!" என்று கத்திவிட்டேன். இன்னொரு தட்டை எடுத்துக்கொண்டு பௌதியிடம் வங்காளியில் சொன்னேன், "நகராதீங்க. கையை அங்கேயே வெச்சிருங்க, என் கை வரும்."

அவர் இரண்டு கையையும் ஏந்தியபடி நின்றார். தெருவில் பூஜைப் பந்தலின் முரசு முழங்கிக்கொண்டிருந்தது. என் கை ஆடியது, வளைந்தது, ஒரு தடவை நின்றேவிட்டது. அவர் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. தட்டு அவர் கையில் போய் உட்கார்ந்தது.

அன்று வந்த எல்லோருக்கும் நானே கொடுத்தேன். இன்னும் இரண்டு தட்டு விழுந்தது, விழட்டுமே! இன்றும் கடையில் யாராவது இரக்கப்பட்டுப் பாதி வழிக்குக் கையை நீட்டினால், "நகராதீங்க" என்றுதான் சொல்கிறேன். அன்று எனக்காக அசையாமல் நின்ற அந்த இரண்டு கைகள் செய்ததைவிடப் பெரிய உதவியை யாரும் எனக்குச் செய்ததில்லை.