கரடியூர்க் கம்ப்யூட்டரை அணைக்க மாட்டேன்

மலையிலிருந்து குப்பனூர்ச் சாலையில் பாதி இறங்கியிருந்தேன். சேலம் மருத்துவமனையில் காய்ச்சலோடு படுத்திருந்த என் மனைவி சுகன்யா கேட்ட லேப்டாப் சார்ஜர் வண்டிப் பெட்டியில் இருந்தது. அவளுடைய அண்ணன் போனில் அழைத்தார். "அவசரமில்லைங்க மாப்ள, மெதுவா வாங்க" என்றார். காலையில் சீக்கிரம் வரச் சொன்னவர் அவர். எனக்குத் தெரிந்துவிட்டது. சார்ஜர் இன்னும் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது.

நம் கம்ப்யூட்டர் நிரல்மொழியை உருவாக்கும் குழுவினரான உங்களுக்கு அவளை எழுத்தில்தான் தெரியும். முதல் பதிப்பில், எழுதிய நிரலில் தவறிருந்தால் அதை இயக்கத்துக்கு மாற்றித் தரும் கம்பைலர் 'பிழை' என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடும். இரண்டாவதில் எந்த வரி என்று சொன்னது. இப்போது தட்டும்போதே எடிட்டர் சிவப்புக் கோடு போடுகிறது. அந்தக் கோட்டுக்காக உழைத்தவர்களில் அவளும் ஒருத்தி. ஆனால் அவள் மனம் வைத்தது வேறொன்றில். யார் யாரோ பழைய பதிப்புகளில் எழுதிய நிரல்களைச் சேர்த்து வைத்தாள். நீங்கள் மொழியில் செய்யும் மாற்றங்களுக்குப் பிறகும் அவை ஓடுகின்றனவா என்று எங்கள் கரடியூர் வீட்டுக் கம்ப்யூட்டர் தினமும் சோதித்து, முடிவை அவள் பெயரில் உங்களுக்கு அனுப்பும். "புதுசா ஒண்ணைச் சேர்க்கறது சுலபமுங்க. நேத்து எழுதுனது இன்னைக்கும் ஓடணும், அதுதான் வேலை" என்பாள்.

அவற்றில் ஒன்று மாரமங்கலத்து எஸ்டேட்டுடையது. காப்பி காயும் களத்தில் ஈரம் ஏறினால் மணியடிக்கும் நிரல். அந்த எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஒருநாள் அவளிடம் கேட்டார்: "ஏனுங்கம்மா, புதுசு வந்தா எங்க மணி நின்னு போயிருமுங்களா?"

"நானிருக்கற வரைக்கும் நிக்காதுங்க."

"அதுக்கப்புறமுங்க?"

அவள் என்னைக் காட்டினாள். "இவரு இருக்காருங்களே. ஊட்டுல சும்மாதான உக்காந்திருக்காரு."

ரைட்டர் சிரித்தார். நானும் நிரலாளன்தான், ஆனால் கம்பைலருக்குள் ஒருநாளும் கை வைத்ததில்லை. நானும் சிரித்தேன்.

அவள் போன பன்னிரண்டாம் நாள் அவள் பெயரில் உங்களுக்கு ஒரு தோல்விச் செய்தி வந்தது. மணி நிரல் ஓடவில்லை. புதிய பதிப்பு வெளியாக ஒரு வாரம் இருந்தது. இறந்தவரின் கணக்கிலிருந்து வருவது, பொருட்படுத்த வேண்டாம் என்று உங்களில் ஒருவர் எழுதினார். இன்னொருவர் கம்ப்யூட்டரை அணைத்துவிடும்படி மிகுந்த மரியாதையுடன் என்னிடம் கேட்டார்.

அணைக்க மாட்டேன். அது சொன்னது சரி. சுகன்யாவின் குறிப்புகளை வைத்துக்கொண்டு நான்கு நாள் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை, பசி வரவில்லை, பிழை அகப்பட்டது. எண்களைப் படிக்கும் பகுதியில், இனி யாரும் பயன்படுத்துவதில்லை என்று நீங்கள் நீக்கிய ஆறு வரிகள். பயன்படுத்துகிறார்கள். மாரமங்கலத்தில், இந்த அறுவடையிலும்.

திருத்தத்தை நேற்று அனுப்பிவிட்டேன். அதைச் சேர்க்கும்வரை தினமும் காலையில் அவள் பெயரில் தோல்விச் செய்தி உங்களுக்கு வரும். பராமரிப்பவர் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுக்காதீர்கள். அதன் கீழே என் பெயரைப் போடுங்கள். அவளுடையது என்று நான் வைத்துக்கொண்டது அந்தக் கம்ப்யூட்டரையும், என்னைக் கேட்காமலே ரைட்டருக்கு அவள் கொடுத்த வாக்கையும்தான்.